திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்துல தண்ணியைக் காப்பாத்துறது எப்படி: முதல் கிணறு அளக்குறதுலேர்ந்து கடைசிக் குழி நிரம்புற வரைக்கும்

சிங்கப்பூர்ல எம்ஆர்டி ரயில் சைட், எச்டிபி வீட்டு சைட்னு ஈசிஎம் வேலை, அதாவது மண்ணும் சேறும் வெளிய போகாமத் தடுக்குற வேலை பாத்துட்டு அடுத்ததா இந்தோனேசியாவுல கலிமந்தான், சுமத்ரா பக்கம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போற நம்ம தம்பி தங்கச்சிங்க வழக்கமா கேக்குறது இதுதான்: "அண்ணே, அங்கயும் மழைத்தண்ணியும் சேறும்தானே, இங்க பண்றதையே பெருசா பண்ணா போதாதா?" பாதிக்குப் போதும். மண்ணை மூடி வைக்கிறது, சேத்தைத் தடுக்குற சில்ட் ஃபென்ஸ் கட்டுறது, கலங்கின தண்ணியைத் தேக்கித் தெளிய வெச்சு அப்புறம் வெளிய விடுறது, இதெல்லாம் அங்கயும் அப்படியே வேணும். மீதிப் பாதிதான் ஆளைச் சாய்க்கும், ஏன்னா அங்க பாறைக்குள்ளேர்ந்து ஆசிட் வரும், பக்கத்து ஊர்க் கிணறு இறங்கும், வேலை முடிஞ்ச பிறகு பெரிய குழி ஒண்ணு நிக்கும், அதுல தண்ணி ரொம்பும், அந்தத் தண்ணி நல்லா இருக்குமா கெட்டுப்போகுமாங்கிறதை வருஷக்கணக்குக்கு முன்னாடி எந்த லாரி எந்த மூலைல கொட்டணும்னு சொன்ன ஒரு சூப்பர்வைசர் முடிவு பண்ணியிருப்பார்.

நான் இதுல சொல்ல வர்றது முழுக்க அந்த ஒரு விஷயத்தைச் சுத்தித்தான். சுரங்கத்துத் தண்ணியோட தலையெழுத்து ட்ரீட்மென்ட் பிளான்ட்ல எழுதப்படுறதில்ல, பாறையைத் தோண்டி எங்க, எப்படி அடுக்குறோம்ங்கிறதுல எழுதப்படுது. அதனால கீழ இருக்கிற படிகளோட வரிசையை மாத்தாதீங்க, முதல் மூணு படியைத் தவறவிட்டா அப்புறம் எவ்வளவு சுண்ணாம்பு கொட்டினாலும் பின்னாடியே ஓடிக்கிட்டுத்தான் இருக்கணும்.

படி 1: தோண்டுறதுக்கு முன்னாடி இருந்த தண்ணியை எழுதி வைங்க

மெஷின் இறங்குறதுக்கு முன்னாடி குறைஞ்சது ஒரு முழு வருஷம், மழைக்காலமும் காய்ஞ்ச காலமும் ரெண்டும் வர்ற மாதிரி, ஓடைகளையும் கிணறுகளையும் அளக்கணும். ஓடைக்கு மேல்பக்கம் ஒரு இடம், கீழ்பக்கம் ஒரு இடம், அப்புறம் சுரங்கத்தோட எந்தச் சம்பந்தமும் இல்லாத பக்கத்து ஓடை ஒண்ணு, ஏன்னா நாளைக்கு ஏதாவது மாறுச்சுன்னா அது சுரங்கத்தாலயா இல்ல அந்த வருஷ மழையாலயான்னு சொல்றதுக்கு அந்த மூணாவது இடம்தான் சாட்சி. ஓட்டம் எவ்வளவு, பிஎச், கண்டக்டிவிட்டி (கரைஞ்ச உப்பைக் காட்டுற மின்கடத்தல் அளவு), டிஎஸ்எஸ் (தண்ணில மிதக்குற மண் துகளோட அளவு), இரும்பு, மாங்கனீசு, அலுமினியம், சல்ஃபேட், அமிலத்தன்மை, காரத்தன்மை, இதெல்லாம் வேணும். இதுல சல்ஃபேட்டைக் கொஞ்சம் உத்துப் பாருங்க, சுத்தியிருக்கிற பாறைல சுண்ணாம்பு இருந்தா ஆசிட் உருவானாலும் பிஎச் நல்லாத்தான் காட்டும், ஆனா சல்ஃபேட் மட்டும் மெதுவா ஏறும், பிஎச் விழுறதுக்கு ரொம்ப முன்னாடியே அது எச்சரிக்கை குடுத்துடும்.

மாதிரி எடுக்குற கைப்பழக்கம் சரியா இல்லன்னா மொத்த டேட்டாவும் வீண். பிஎச்சை ஓடைக்கரைலயே மீட்டர் வெச்சு அளங்க, லேபுக்குக் கொண்டுபோய் அளக்காதீங்க. ஊத்துத் தண்ணி வெளிய வர்றப்ப கண்ணாடி மாதிரி தெளிவா, பிஎச் ஆறு கிட்ட இருக்கும், அதே பாட்டிலை நாலு நாள் விட்டுப் பாத்தா அடில செம்மஞ்சள் கலர்ல படிஞ்சு பிஎச் மூணு பக்கம் இறங்கியிருக்கும், உள்ள கரைஞ்சிருந்த இரும்பு காத்து பட்டதும் ஆக்சிஜனோட சேந்து ஆசிட்டை விடுறதுதான் காரணம். கரைஞ்ச உலோகம் பாக்கணும்னா 0.45 மைக்ரான் ஃபில்டர்ல வடிகட்டி, நைட்ரிக் ஆசிட் விட்டு பிஎச்சை ரெண்டுக்குக் கீழ கொண்டுவந்து, ஐஸ் பெட்டில வெச்சு அனுப்பணும். இதை ஃபீல்டுலயே செய்யணும், கேம்ப்புக்கு வந்து ராத்திரி செய்யக் கூடாது.

கூடவே ஊர்க் கிணறு கணக்கு. சுத்தியிருக்கிற ஒவ்வொரு வீட்டுக் கிணறும் எங்க இருக்கு, எவ்வளவு ஆழம், தண்ணி மட்டம் எங்க, வெயில் காலத்துல வத்துமா, குடிக்கவா குளிக்கவா, தண்ணி ருசி எப்படின்னு வீட்டுக்காரங்க முன்னாடியே அளந்து, போட்டோ எடுத்து, ஒரு காப்பி அவங்க கைல குடுத்துடணும். இந்த ஒரு தாள் இல்லாததாலதான் பின்னாடி ஏழைங்க "எங்க கிணறு நல்லாத்தான் இருந்துச்சு"ன்னு சொல்றது எடுபடாமப் போகுது. அமெரிக்காவுல 1977-ல வந்த திறந்தவெளிச் சுரங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் சுரங்கத்தால பாதிச்ச கிணத்துக்கு மாத்துத் தண்ணி குடுக்குற பொறுப்பை சுரங்கம் நடத்துறவர் மேலயே வெச்சிருக்கு. நீங்க போற நாட்டுச் சட்டம் அவ்வளவு தூரம் சொல்லலன்னாலும் கணக்கை எடுத்து வைங்க.

நிலத்தடித் தண்ணி பத்தி நம்ம ஊர் உதாரணமே இருக்கு. நெய்வேலில பழுப்பு நிலக்கரிக்குக் கீழ இருக்கிற நீர்த்தாங்கி சதுர சென்டிமீட்டருக்கு 6-லேர்ந்து 8 கிலோ அழுத்தத்துல மேல தள்ளிக்கிட்டு இருக்கு, அதாவது 60, 80 மீட்டர் உயரத்துக்குத் தண்ணியைத் தூக்குற அழுத்தம், அதை பம்ப் போட்டு இறைச்சுக் குறைக்கலன்னா சுரங்கத்தோட தரையே பொத்துக்கும். பல பத்து வருஷமா இந்த இறைப்பு நடந்துக்கிட்டே இருக்கு. பாதுகாப்புக்கு அது வேணும்தான், ஆனா இறைக்கிற ஒவ்வொரு லிட்டரும் யாரோ ஒரு விவசாயியோட கிணத்து மட்டத்துலேர்ந்தும் வருது. அதனால நிலத்தடித் தண்ணி மட்டம் அளக்குற குழாயான பிஸோமீட்டரைக் குழியைச் சுத்தி மட்டும் போட்டா பத்தாது, கிராமம் வரைக்கும் வரிசையா போட்டு மட்டம் எவ்வளவு தூரத்துக்கு இறங்குதுன்னு பாக்கணும், இறைக்கிற தண்ணி சுத்தமா இருந்தா அதைச் சேத்தோட கலக்க விடாம தனிக் குழாய்ல எடுத்து வயலுக்கோ ஊருக்கோ குடுக்கணும்.

படி 2: பாறையைக் கேளுங்க, ஆசிட் வருமான்னு அதுவே சொல்லும்

நிலக்கரிக்கு மேலயும் நடுவுலயும் கீழயும் இருக்கிற பாறைல பைரைட்டுன்னு இரும்பும் கந்தகமும் சேந்த கனிமம் இருக்கும். கோடிக்கணக்கான வருஷம் காத்து படாமத் தூங்கினது, நாம வெடி வெச்சு உடைச்சு மேல கொண்டுவந்து கொட்டினதும் ஆக்சிஜனும் மழையும் கிடைச்சு சல்ஃப்யூரிக் ஆசிட்டா மாறுது. பிஎச் இறங்க இறங்க இதையே தின்னு வாழுற பாக்டீரியா பெருகி வேகத்தைப் பல மடங்கு கூட்டும், அப்புறம் கரைஞ்ச ஃபெரிக் இரும்பே பைரைட்டைத் தாக்க ஆரம்பிச்சுடும். இந்தச் சக்கரம் ஒருதடவை சுத்த ஆரம்பிச்சா நிறுத்துறது ரொம்பக் கஷ்டம், ஐரோப்பாவுல நூறு வருஷத்துக்கும் முன்னாடி மூடின சுரங்கங்கள்லேர்ந்து இன்னிக்கும் ஆசிட் தண்ணி வந்துக்கிட்டு இருக்கு.

கணக்கு எளிது. பாறைல 1 சதவீதம் பைரைட் கந்தகம் இருந்தா டன்னுக்கு 30.6 கிலோ சல்ஃப்யூரிக் ஆசிட் உருவாகலாம், அப்படின்னா 10 லட்சம் டன் பாறைக்கு 30,600 டன். ஒரு பெரிய சுரங்கத்துக்கு 10 லட்சம் டன்ங்கிறது ஒண்ணுமே இல்ல. இதுக்கு எதிரா அதே பாறைல எவ்வளவு சுண்ணாம்புச் சத்து இருக்குன்னும் அளந்து, உருவாகக்கூடிய ஆசிட்லேர்ந்து அதைக் கழிச்சா நிகர எண் கிடைக்கும்.

அப்புறம் நேக் (NAG) டெஸ்ட், பாறை நிகரமா ஆசிட் விடுமான்னு நேராவே பாக்குறது. பொடியாக்கின பாறை 2.5 கிராம், 15 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 250 மில்லி, ரெண்டையும் பீக்கர்ல சேத்து விடுங்க. கெட்ட பாறைன்னா கொஞ்ச நேரத்துல குலுக்கித் தொறந்த சோடா பாட்டில் மாதிரி நுரைச்சுப் பொங்கி, பீக்கர் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும், அதனால ஃப்யூம் ஹூட்ல வெச்சு, கண்ணாடி, கிளவ்ஸ் போட்டுத்தான் செய்யணும். பொங்கி அடங்கினதும் கொதிக்க வெச்சு ஆறவிட்டு பிஎச் பாருங்க, 4.5-க்குக் கீழ இருந்து நிகர எண்ணும் ஆசிட் பக்கம் இருந்தா அது பிஏஎஃப், அதாவது ஆசிட் உருவாக்கக்கூடிய பாறை. 4.5-க்கு மேல இருந்து நிகர எண் காரப் பக்கம் இருந்தா என்ஏஎஃப், ஆபத்தில்லாதது. ரெண்டு டெஸ்ட்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலன்னா சந்தேகக் கேஸ், அதை உயரமான குழாய்ல பாறையை நிரப்பிச் செய்யுற காலம் (column) டெஸ்ட்ல மாசக்கணக்கா தண்ணி ஊத்திப் பாத்துத்தான் முடிவு பண்ணணும், அதுவரைக்கும் பிஏஎஃப்னே வெச்சுக்குங்க.

இந்த ரிசல்ட்டை ரிப்போர்ட்டா போட்டு அலமாரில வெச்சா பிரயோஜனமே இல்ல. அது ஜியாலஜி மாடலுக்குள்ள போகணும், அங்கேர்ந்து மைன் பிளானருக்குப் போகணும், அங்கேர்ந்து ஷிஃப்ட் தொடங்குறப்ப எக்ஸ்கவேட்டர் ஆபரேட்டர் கைல கலர் போட்ட மேப்பா வரணும், சிவப்புக் கட்டம் இந்த டம்புக்கு (கழிவுப் பாறை கொட்டுற மேட்டுக்கு), பச்சைக் கட்டம் அந்த டம்புக்குன்னு. ராத்திரி ஷிஃப்ட்ல மழை வந்து ரோடு வழுக்குறப்ப கிட்ட இருக்கிற டம்புல கொட்டிடலாம்னு யாராவது சொல்வாங்க, அங்கதான் எல்லாம் கெடும், அதனால ராத்திரி ஷிஃப்ட் சூப்பர்வைசரோட உக்காந்து பேசி அவருக்குக் காரணத்தைப் புரிய வைக்கிறது லேப் ரிப்போர்ட்டை விட முக்கியமான வேலை.

படி 3: டம்பை அடுக்குறது, மொத்த வேலைக்கும் உயிர் இங்கதான்

பைரைட்டுக்கு ஆக்சிஜன் கிடைக்காமப் பண்ணணும், அவ்வளவுதான். தண்ணிக்குள்ள ஆக்சிஜன் பரவுற வேகம் காத்துல பரவுறதை விட சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு, அதனால பிஏஎஃப் பாறையை எப்பவும் தண்ணி மட்டத்துக்குக் கீழ இருக்கிற மாதிரி பழைய குழிக்குள்ள புதைக்க முடிஞ்சா அதுதான் முதல் தேர்வு, கலிமந்தான் மாதிரி மழை கொட்டுற இடத்துல இது நல்லாவே வேலை செய்யும். நிரந்தரமா மூழ்கி இருக்குமான்னு மட்டும் உறுதி பண்ணிக்குங்க, ஒரு சீசன் நனைஞ்சு ஒரு சீசன் காயுற இடம்னா அது எல்லாத்தையும் விட மோசம்.

அது முடியலன்னா டம்புக்கு நடுவுல வெச்சு மூடணும். அடில என்ஏஎஃப் பாறை, அதுமேல பிஏஎஃப்பை மெல்லிசு மெல்லிசா பரப்பி லாரியையும் டோசரையும் ஓடவிட்டு இறுக்கி, பக்கவாட்டுலயும் மேலயும் களிமண் போட்டு இறுக்கி, அதுக்கு மேல பல மீட்டர் என்ஏஎஃப், கடைசில மேல்மண். உயரமான விளிம்புலேர்ந்து அப்படியே கவுத்துக் கொட்டுற பழக்கம் இருக்கே, அதைத் தயவுசெஞ்சு விடுங்க, பெரிய பாறை உருண்டு அடிக்குப் போய் பொடி மேலயே தங்கி, கீழ உண்டாகுற ஓட்டை வழியா காத்து புகைபோக்கில ஏறுற கணக்கா உள்ள ஏறும். இறுக்கின அடுக்கு டன்னுக்குக் கொஞ்சம் செலவு கூட, உண்மைதான், ஆனா அந்தச் செலவு சுரங்கம் சம்பாதிக்கிற காலத்துல வருது, ஆசிட்டுக்கு ஆகுற செலவு வருமானம் நின்ன பிறகு வருது.

டம்ப் காலடில வாரம் ஒருதடவை நடந்து பாருங்க. கசிவு இருக்கிற இடத்துல கல்லு மேல ஆரஞ்சு கலர்ல வழவழன்னு படிஞ்சிருக்கா, காய்ஞ்ச ஓரத்துல மஞ்சளாவோ வெள்ளையாவோ உப்புப் பூத்திருக்கா, புல்லு ஒரு பட்டையா மட்டும் செத்துப்போயிருக்கா? மீட்டர் எடுக்குறதுக்கு முன்னாடியே கண்ணு சொல்லிடும்.

படி 4: நல்ல தண்ணியை நல்லதாவே அனுப்பிடுங்க

மேல் மேட்டுலேர்ந்து வர்ற சுத்தமான மழைத்தண்ணியை சுரங்கத்துக்குள்ளயே விடாம சுத்தி வாய்க்கால் வெட்டித் திருப்பி விடணும். உள்ள வராத தண்ணியைத் தெளிய வைக்கவும் வேணாம், சுண்ணாம்பு போடவும் வேணாம். செங்குத்தான இடத்துல கல் பதிங்க, இறங்குற இடத்துல வேகத்தைக் குறைக்கத் தடுப்பு வைங்க, சுரங்க லாரி ஓடுற ஹால் ரோடு கடக்குற இடத்துல கல்வெர்ட் போதுமான அகலமா இருக்கட்டும். ஒர்க்‌ஷாப், டீசல் ஏத்துற இடம், நிலக்கரி குவிச்சு வைக்கிற யார்டு இதெல்லாம் தனித்தனி ட்ரெய்ன், ஆயில் பிரிக்கிற தொட்டியோட. இதுல புதுசா சொல்ல ஒண்ணுமில்ல, சிங்கப்பூர் சைட்ல பாத்ததுதான்.

படி 5: சேறும் செட்லிங் பாண்டும்

சிங்கப்பூர்ல கட்டட சைட்லேர்ந்து ட்ரெய்னுக்குப் போற தண்ணில டிஎஸ்எஸ் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இந்தோனேசியாவுல சுற்றுச்சூழல் அமைச்சரோட 2003-ஆம் வருஷ ஆணை 113 நிலக்கரிச் சுரங்கத்துக்கு 400 வரைக்கும் விடுது, இரும்பு 7, மாங்கனீசு 4, பிஎச் 6-லேர்ந்து 9. மாநிலமோ பெர்மிட்டோ இதை விடக் கடுமையாவும் வைக்கலாம், அதை முதல்ல படிங்க. என் கருத்து என்னன்னா 400-ஐ இலக்கா வெச்சுக்காதீங்க, 400 மில்லிகிராம்ங்கிறது கண்ணுக்கு நல்லாவே கலங்கின தண்ணி, கீழ அதுல மீன் பிடிக்கிறவங்களும் குளிக்கிறவங்களும் இருக்காங்க.

சேறு படியத் தண்ணியைத் தேக்குற செட்லிங் பாண்ட் எவ்வளவு பெருசு வேணும்? 40 ஹெக்டேர் வெறும் மண், ஓடிவர்ற விகிதம் 0.8, மணிக்கு 90 மில்லிமீட்டர் மழைன்னு வெச்சுக்குங்க. 0.8 பெருக்கல் 90 பெருக்கல் 40, அதை 360-ஆல வகுத்தா நொடிக்கு 8 கன மீட்டர். 0.02 மில்லிமீட்டர் வண்டல் துகள் நொடிக்கு சுமார் 0.36 மில்லிமீட்டர் வேகத்துல இறங்கும், அதைப் பிடிக்கணும்னா 8-ஐ 0.00036-ஆல வகுத்து 22,000 சதுர மீட்டர், அதாவது 2.2 ஹெக்டேர் தண்ணிப் பரப்பு வேணும். இதுவே 0.002 மில்லிமீட்டர் களிமண் துகள்னா ஒரு மீட்டர் இறங்க மூணு நாளுக்கு மேல ஆகும், அதை வெறும் பாண்ட் வெச்சுப் பிடிக்கவே முடியாது. இந்தக் கணக்கை ஒருதடவை போட்டுப் பாத்தாலே தெரியும், பாண்டைப் பெருசாக்குறதை விட மேல மண்ணு வெறுமையா கிடக்காமப் பாத்துக்குறதுதான் வழின்னு. வெட்டி முடிச்ச சரிவுல உடனே கொடிப் பயிர் விதைங்க, இன்னும் ஆறு மாசம் கழிச்சு வெட்டப்போற காட்டை இப்பவே அழிக்காதீங்க.

பாண்டை மூணு நாலு அறையா பிரிச்சு, முதல் அறையைச் சின்னதா ஆழமா வைங்க, கனமான சேறு எல்லாம் அங்கயே விழும். நீளம் அகலத்தைப் போல மூணு மடங்காவது இருக்கணும், இல்லன்னா தண்ணி நுழைஞ்ச வாசல்லேர்ந்து வெளி வாசலுக்குக் குறுக்கால ஓடிடும். அப்புறம் பலர் மறக்குறது: லாங் ஆர்ம் எக்ஸ்கவேட்டர் கரைல நின்னு சுமார் 15 மீட்டர்தான் எட்டும், அதனால ரெண்டு கரைலயும் மெஷின் நிக்க ரோடு இருக்கணும், அறையோட அகலம் 30 மீட்டரைத் தாண்டக் கூடாது. அள்ள முடியாத பாண்ட் ரெண்டாவது மழைக்காலத்துல வெறும் சேத்துத் திடல். அள்ளின சேத்தை எங்க கொட்டுறதுன்னும் முன்னாடியே இடம் பாத்து வைங்க, கரைலயே குவிச்சா அடுத்த மழைல திரும்ப உள்ளயே வரும்.

களிமண் தெளியலன்னா ஜார் டெஸ்ட். 10 கிராம் ஆலத்தை (alum, படிகாரம் மாதிரி தெளிய வைக்கிற உப்பு) ஒரு லிட்டர்ல கரைச்சு வெச்சுக்குங்க, அதுல 1 மில்லியை ஒரு லிட்டர் பீக்கர்ல விட்டா 10 மில்லிகிராம் டோஸ். ஆறு பீக்கர்ல பாண்டு தண்ணி எடுத்து 10, 20, 30-னு ஏத்திக்கிட்டே போங்க, ஒரு நிமிஷம் வேகமா கலக்கி, அப்புறம் பத்து பதினஞ்சு நிமிஷம் மெதுவா கலக்கி விட்டா சரியான டோஸ் விழுந்த பீக்கர்ல மட்டும் சின்னச் சின்னதா பஞ்சுத் துணுக்கு திரண்டு உருண்டுக்கிட்டே இறங்குறதைப் பாக்கலாம், டோஸ் பத்தாததுல பால் கலந்த மாதிரி அப்படியே நிக்கும். தெளிஞ்சதும் பிஎச் பாருங்க, ஆலம் அதை இறக்கும். பாலிமர் சேக்குறதா இருந்தா கேட்டயானிக் (நேர் மின்னூட்ட) வகை வேணாம், அது மீனோட செவுள்ல ஒட்டிக் கொல்லும், அனயானிக் (எதிர் மின்னூட்ட) வகையைப் பாருங்க. மழை மாறினா சேறும் மாறும், அதனால ஜார் டெஸ்ட் சைட்லயே நடக்கணும்.

குழி அடில தண்ணி சேருற பள்ளமான ஸம்ப்லேர்ந்து பம்ப் போடுறப்ப மிதக்குற பம்ப் வெச்சு மேல் தண்ணியை எடுங்க. அடிச் சேத்தை உறிஞ்சிப் பாண்டுக்கு அனுப்புறது நாமளே நமக்கு வேலை வெச்சுக்குறது.

படி 6: அப்படியும் ஆசிட் வந்தா

அமிலத்தன்மையைக் கால்சியம் கார்பனேட் கணக்குல எடுத்து ஓட்டத்தோட பெருக்குங்க. லிட்டருக்கு 200 மில்லிகிராம், நொடிக்கு 100 லிட்டர்னா நாளைக்கு சுமார் 1.73 டன், இதை 0.74-ஆல பெருக்கினா நீத்துன சுண்ணாம்பு சுமார் 1.28 டன், அதுவும் முழுசா கரைஞ்சாதான், நடைமுறைல கூடத்தான் ஆகும். பொட்டலத்தைப் பிரிச்சு வாய்க்கால்ல தட்டி விடுறது வேலைக்கு ஆகாது, தொட்டில கரைச்சு பாலா ஆக்கி, கலக்கி, காத்து ஊதி, அப்புறம் படிய விடணும். சுண்ணாம்பு கண்ணுல பட்டா பார்வையே போகும், கண்ணாடி இல்லாம யாரையும் பக்கத்துல விடாதீங்க.

ஃபெரிக் இரும்பு பிஎச் மூணரைக்கு மேலயே படிஞ்சுடும், ஃபெரஸ் இரும்புக்கு எட்டரை பக்கம் வேணும் இல்லன்னா நல்லா காத்து ஊதணும், மாங்கனீசு ஒம்பதுக்கு மேல போனாதான் ஒழுங்கா இறங்கும், ஆனா வெளிய விடுற வரம்பே ஒம்பதுதான், அலுமினியமோ பிஎச் ரொம்ப ஏறினா திரும்பக் கரையும். அதனால எல்லாத்தையும் ஒரே தொட்டில முடிச்சுடலாம்னு நினைக்காதீங்க.

ஓட்டம் குறைவா, அமிலம் மிதமா இருக்கிற கசிவுக்கு சுண்ணாம்புக்கல் வாய்க்கால், செயற்கை சதுப்பு நிலம் மாதிரி ஆள் இல்லாமலே ஓடுற முறைகள் இருக்கு, சுரங்கம் மூடின பிறகு இதுதான் கை குடுக்கும். காத்துப் படாத சுண்ணாம்புக்கல் வாய்க்கால் போடுறதா இருந்தா தண்ணில கரைஞ்ச ஆக்சிஜனும் ஃபெரிக் இரும்பும் அலுமினியமும் கிட்டத்தட்ட இல்லவே இல்லன்னு உறுதி பண்ணிக்குங்க, இல்லன்னா கல்லு மேல ஓடு கட்டி, ஓட்டை அடைச்சு, செத்துடும்.

இன்னொண்ணு, பிஎச் 7, தண்ணி தெளிவுன்னா எல்லாம் சரின்னு ஆகிடாது. அமெரிக்க அப்பலாச்சியா ஓடைகளுக்கு அங்கத்த சுற்றுச்சூழல் நிறுவனம் 2011-ல கண்டக்டிவிட்டிக்கு 300 மைக்ரோசீமன்ஸ்னு ஒரு அளவுகோல் வெச்சுச்சு, அதுக்கு மேல உப்பு ஏறினா மேஃப்ளை மாதிரி பூச்சிகள் காணாமப் போறதைப் பாத்துத்தான். கலிமந்தான் ஓடைக்கு அதே எண் பொருந்தும்னு சொல்ல வரல, ஆனா கல்லைப் புரட்டி அடில என்ன பூச்சி ஒட்டியிருக்குன்னு பாக்குற பழக்கம் உங்க மானிட்டரிங்ல இருக்கட்டும்.

படி 7: நிலத்தையும் ஓடையையும் திருப்பிக் குடுக்குறது

மேல்மண்ணைத் தனியா எடுத்து, ரெண்டு மீட்டருக்கு மேல குவிக்காம, முடிஞ்சா எடுத்த அன்னிக்கே தயாரா இருக்கிற இடத்துல பரப்புங்க, வருஷக்கணக்கா குவிச்சு வெச்சா உள்ள இருக்கிற உயிரெல்லாம் செத்துடும். பரப்பின பிறகு டோசரை மேல ஓட்டி வழவழன்னு ஆக்காதீங்க. டம்புக்குள்ள பிஏஎஃப்பை இறுக்கணும், மேல மரம் வளர்ற ஒரு மீட்டர் சொச்சத்தைத் தளர்வா விடணும், இது ரெண்டையும் ஆபரேட்டர்கிட்ட பிரிச்சுச் சொல்லலன்னா ரெண்டையும் ஒரே மாதிரி பண்ணிடுவார். தளர்ந்த மண்ணுதான் மழையைக் குடிக்கும், ஓடைக்கு வெயில் காலத்துல மெதுவா தண்ணி விடும். முதல்ல கொடிப் பயறு வகையும் வெட்டிவேரும், கூடவே சீக்கிரம் வளர்ற செங்கோன் மரம், நிழல் வந்ததும் அந்தந்தக் காட்டு மரம்.

ஓடைக்கு, தோ பாருங்க, நம்ம வீட்டுப் பக்கத்துலயே பாடம் இருக்கு. பீஷான் அங் மோ கியோ பூங்காவுல 2.7 கிலோமீட்டர் நேரான கான்கிரீட் கால்வாயா இருந்த காலாங் ஆத்தை 3.2 கிலோமீட்டர் வளைஞ்சு ஓடுற ஆறா மாத்தி 2012-ல திறந்தாங்க, கரையை வேரும் கல்லும் சேத்துக் கட்டுறதுக்கு முன்னாடி சின்ன நீளத்துல பல முறைகளைச் சோதிச்சும் பாத்தாங்க. சுரங்கத்துக்காகத் திருப்பின ஓடைக்கும் இதே மாதிரி வளைவு, ஆழமான மடு, கல்லு மேல துள்ளி ஓடுற இடம், கரை மரம் எல்லாம் வேணும், நேர்க்கோட்டு வாய்க்கால்ல மீன் தங்காது. கூடவே ஓடையைத் திருப்புறதுன்னா அந்த வயல்காரங்ககிட்ட முதல்ல பேசணும். 2023-ல நெய்வேலிப் பக்கம் பரவனாத்தைத் திருப்புற வேலைக்காக வளையமாதேவில பயிர் நிக்குற வயல்லயே மெஷின் இறங்கினதைப் பாத்து நம்மள்ல எத்தனை பேர் மனசு வெந்துச்சு, ஒரு அறுவடை வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதான்னு.

படி 8: கடைசிக் குழி

சிங்கப்பூர்ல வளர்ந்தவங்களுக்கு இதுல ஒரு தப்பான நம்பிக்கை வர வாய்ப்பிருக்கு. பிடோக் நீர்த்தேக்கம் ஒருகாலத்துல மணல் தோண்டின குழி, 1986-ல குடிதண்ணி நீர்த்தேக்கமா ஆச்சு, புக்கிட் தீமா பக்கம் கருங்கல் குவாரிகள் இன்னிக்கு அழகான குளமா நிக்குது, அப்ப நிலக்கரிக் குழியும் தானா ஏரி ஆயிடும்னு. மணலும் கருங்கல்லும் ஆசிட் விடாது. நிலக்கரிக் குழியோட சுவர்ல பைரைட் காத்துப் பட்டுக்கிட்டே இருக்கும், தண்ணி மெதுவா ஏற ஏற அதையெல்லாம் கழுவி உள்ள இழுத்துக்கும். ஜெர்மனில லவுசிட்ஸ் பகுதிப் பழைய பழுப்பு நிலக்கரிக் குழிகளை ஏரியாக்க ஆத்துத் தண்ணியைத் திருப்பி வேகமா நிரப்பினாங்க, அப்புறமும் ஏரி மேல படகு ஓட்டிச் சுண்ணாம்பு தூவ வேண்டியிருந்துச்சு, நிலத்தடி வழியா வர்ற இரும்பால ஷ்ப்ரே ஆறு பழுப்பா ஓடுற பிரச்சினை வேற.

அதனால முதல் கேள்வி, குழியே மிஞ்சாமப் பண்ண முடியுமா? தோண்டுறப்பவே பின்னாடி நிரப்பிக்கிட்டு வர்ற திட்டம் இருந்தா கடைசிக் குழி சின்னதாகும். மிஞ்சித்தான் ஆகும்னா நிலக்கரி வெளிய தெரியுற சுவரைக் களிமண்ணால மூடுங்க, இதுவரைக்கும் ஒதுக்கி விட்ட நல்ல ஓடைத் தண்ணியை இப்ப உள்ள திருப்பி வேகமா நிரப்புங்க, ஏரி நிரம்பி வழியுற இடத்தைக் கல் பதிச்சு முன்னாடியே கட்டுங்க. கரையை ஒரு மனுஷன் நடந்து ஏறி வர்ற சரிவா வெட்டுங்க, வேலி போடுங்க. கலிமந்தான்ல சமரிண்டா நகரத்தைச் சுத்தி அப்படியே விட்டுப்போன குழிகள்ல குழந்தைங்க மூழ்கிச் செத்திருக்காங்க. பிரமாதமா வாட்டர் குவாலிட்டி ரிப்போர்ட் குடுத்துட்டு கரையைச் செங்குத்தா விட்டுட்டு வர்றதுக்குப் பேரு மறுசீரமைப்பு இல்ல.

படி 9: எப்போ கை கழுவலாம்

இந்தோனேசியாவுல 2010-ஆம் வருஷ அரசு விதி 78 படி மறுசீரமைப்புக்கு ஒண்ணு, சுரங்கத்துக்குப் பிறகான காலத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு உத்தரவாதத் தொகை கட்டணும். அமெரிக்கச் சட்டத்துல மழை உள்ள பகுதிகள்ல கடைசியா விதைச்சு உரம் போட்டதுலேர்ந்து அஞ்சு வருஷம் பொறுப்பு நீளும். தண்ணிக்கு அஞ்சு வருஷம் பத்துமாங்கிறதுல எனக்குத் திருப்தி இல்ல, நிலத்தடித் தண்ணி மட்டம் பழைய இடத்துக்கு ஏறவே அதை விட அதிகம் ஆகுற சுரங்கங்கள் இருக்கு, மட்டம் ஏறி டம்ப் அடியைத் தொடுறப்பதான் கசிவே ஆரம்பிக்கும்.

அதனால தொகையைத் திருப்பிக் கேக்குறதுக்கு முன்னாடி நீங்க கேக்க வேண்டியது இதெல்லாம். பிஸோமீட்டர் மட்டம் ஏறுறது நின்னுடுச்சா? டம்ப் கசிவுல சல்ஃபேட் இறங்குதா, இல்ல இன்னும் ஏறுதா? சுண்ணாம்புத் தொட்டியை மூடிட்டு, அது மூடின நிலைலயே ரெண்டு மழைக்காலம் பாத்தீங்களா, முதல் கனமழை அன்னிக்கு மாதிரி எடுத்தீங்களா? படி 1-ல எழுதி வெச்ச ஒவ்வொரு கிணத்தையும் திரும்ப அளந்து, குறைஞ்சுபோன வீட்டுக்கு மாத்துத் தண்ணி நிரந்தரமா வந்துடுச்சா? இதுல ஒண்ணுக்கு இல்லன்னு பதில் வந்தாலும் தொகையைத் திருப்பிக் கேக்குற லெட்டர்ல உங்க கையெழுத்தைப் போடாதீங்க, மானிட்டரிங் பட்ஜெட்டை அடுத்த வருஷத்துக்கும் சேத்து எழுதுங்க.